ஒட்டும் கைகள்

தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணத்தில் வளர்ந்த குங்ஃபூ வகை விங் சுன். ஃபோஷான் நகரத்து ஆசான் இப் மேன் 1950 முதல் ஹாங்காங்கில் அதைக் கற்பித்தார். இளம் வயதுப் புரூஸ் லீ அவரிடம் பயின்றவர். இக்கலையின் உயிர்நாடி சி சாவ் என்னும் ஒட்டும் கைப் பயிற்சி.

இருவர் எதிரெதிரே நின்று முதலில் ஆளுக்கு ஒரு கையை மட்டும் ஒட்டவைக்கிறார்கள். ஒருவரின் உள்ளங்கை வானம் பார்த்திருக்கும். மற்றவரின் மணிக்கட்டு அந்த முன்கையின்மேல் படிந்திருக்கும். கீழ்க்கைக்காரர் உள்ளங்கையால் மார்பைத் தாக்க வருகிறார். மேற்கைக்காரர் முழங்கையைத் தாழ்த்தி அதை அமுக்கி, அதே கையால் குத்துகிறார். உடனே முதலாமவரின் முழங்கை உயர, முன்கை சரிந்து குத்தை வழிமாற்றி விடுகிறது. கைகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இது படிந்த பிறகே இரு கைகளையும் உருட்டும் பயிற்சி. முன்னறிவிப்பில்லாத தாக்குதல் அதற்கும் அப்பால்.

வரும் விசையை வாங்குவது, விலகும் கையைத் தொடர்வது, தொடர்பு அறுந்தால் நேரே பாய்வது என்பவை இதன் விதிகள். நெருக்கத்தில் கண் பார்த்து முடிவெடுப்பதற்குள் குத்து விழுந்துவிடும். தொடுவுணர்வு சற்று முந்திச் சொல்லும். விறைத்த கை தன் எண்ணத்தை எதிராளிக்குக் காட்டிக்கொடுக்கும். பிடித்து இழுத்தால் உடலே கூடப் போகும். தொய்ந்த கையோ நசுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் கையை வைத்திருக்கத்தான் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்.

ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பக் கிராமத்தில் வேர்கொண்ட தைசி கலையிலும் துய் ஷோ என்ற தள்ளு கைப் பயிற்சி உண்டு. அங்கே குறி, குத்துவதைவிட எதிராளியின் கால் நிலையைக் குலைப்பது. போட்டிகளில் அது பல நேரம் வெறும் பலப்பரீட்சையாகிவிடுவது வருத்தத்துக்குரியது.

சி சாவ் சண்டை அல்ல; கைகள் முன்பே தொட்டிருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குவது. சண்டையோ தூரத்திலிருந்து, சில சமயம் உதையோடு தொடங்கும். ஒரே பள்ளியில் ஒரே தாளத்தில் பழகிய இருவருக்குச் சி சாவ் விளையாட்டாகவும் ஆகிவிடலாம். நெருக்கத்தில் பதறாமல் இருக்கப் பழக்குவதில் இதற்கு ஈடான பயிற்சிகள் குறைவு. ஆனாலும் பழக்கமில்லாத எதிராளியோடு, தூரத்திலிருந்தே தொடங்கிப் பழகாதவரின் கல்வி அரைகுறைதான்.