நோயாளியின் கதிரை
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



எமது பாடசாலை மேடையில் நாம் எல்லோரும் ஏதோவொரு பாத்திரம் ஏற்று நடித்திருக்கிறோம். இன்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கும்போதும் அந்த நடிப்பே எமக்குக் கைகொடுக்கிறது.

மார்பில் கட்டியுடன் வரும் பெண்ணைக் கையால் பரிசோதிக்கிறோம். மமோகிராம் அல்லது ஸ்கான் எடுக்கிறோம். ஊசியால் சிறிதளவு இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கிறோம். இவற்றைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால், "இது புற்றுநோய்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்வதைப் பேசிப் பழகியே கற்க வேண்டும்.

1963இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹவார்ட் பரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர், ஓவியர்களுக்கு மாதிரியாக இருந்த ஒரு பெண்ணைப் பயிற்றுவித்து, நோயாளியாக நடிக்கவைத்து மாணவர்களைப் பரீட்சித்தார். 2000ஆம் ஆண்டில் வோல்டர் பெய்ல், ரொபர்ட் பக்மன் முதலியோர் துயரச் செய்தி சொல்வதற்கு ஆறு படிகளை வகுத்தனர்: தனிமையான இடத்தில் அமர்தல், நோயாளிக்கு என்ன தெரியும் எனக் கேட்டல், எவ்வளவு அறிய விரும்புகிறார் எனக் கேட்டல், எளிய சொற்களில் சொல்லுதல், அவருடைய உணர்ச்சிக்கு இடமளித்தல், அடுத்து செய்வதைச் சேர்ந்து தீர்மானித்தல்.

எமது வகுப்பில் மூன்று கதிரைகள் போடுகிறோம். ஒருவர் வைத்தியர், ஒருவர் நோயாளியான தாய், ஒருவர் மகள். மகள் வைத்தியரை மறித்து, "டொக்டர், அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவ தாங்கமாட்டா" என்கிறாள். வைத்தியராக நடிப்பவர் பெரும்பாலும் மகளுடனேயே பேசி முடித்துவிடுகிறார். பிறகு, தாயாக இருந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்கிறோம். "என்னைப் பற்றித்தான் கதைக்கினம் என்று விளங்கிச்சு. எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை" என்ற பதில் வரும். வகுப்பு மௌனமாகிவிடும்.

கதிரைகளை மாற்றி மீண்டும் நடிக்கிறோம். இம்முறை வைத்தியர் மகளின் பயத்தைப் பொறுமையாகக் கேட்கிறார். பின் தாயிடம் திரும்பி, "அம்மா, பரிசோதனை முடிவு வந்திருக்கு. விபரத்தை நீங்களே கேட்க விரும்புறீங்களா? மகளும் பக்கத்தில இருக்கட்டுமா?" என்கிறார். "மகளுக்கே சொல்லுங்கோ" என்று தாய் சொன்னால் அதுவும் சரியே. அதைத் தீர்மானித்தவர் அவர்தான்.

அன்பினால்தான் மறைக்கிறோம். ஆயினும், நோயின் பெயரே தெரியாதவரிடம் சத்திரசிகிச்சைக்கு எவ்வாறு சம்மதம் பெறுவது? மருந்தேற்றி முடி உதிரும்போது அவர் யாரிடம் காரணம் கேட்பார்?

சகோதரிகளே, இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. எம்மில் பலர் வைத்தியர்கள் அல்லர். ஆனால் மகளின் கதிரையில் எம்மில் பலரும், தாயின் கதிரையில் சிலரும் ஒருநாள் இருக்க நேரலாம். ஆகவே எல்லோரும் சுகமாக இருக்கும் நாளிலேயே அம்மாவிடம் கேட்டு வைப்போம்: "உங்களுக்கு ஒரு வருத்தம் வந்தால், டொக்டர் முதலில யாருக்குச் சொல்ல வேணும்?"