ஓர் எழுத்தாளரின் பெயர் நோயான வரலாறு



பெயரிடுதல் கவிஞர்க்குரிய தொழில். மருத்துவரும் பெயரிடுகின்றார். கவிஞர் இட்ட பெயர் பிழைபட்டால் ஒரு கவிதை கெடும். மருத்துவர் இட்ட பெயர் பிழைபட்டால் ஒரு வாழ்வு கெடும். வழக்கத்தினின்று வேறுபட்ட பாலியல் விழைவுகளை உளவியல் வகைபிரித்த வரலாறு இதற்குச் சான்று. அதன் தொடக்கத்தில் ஓர் எழுத்தாளர் நிற்கின்றார்.

லெயோபோல்ட் ஃபொன் சாக்கர்-மாசோக் 1836இல் லெம்பெர்க் நகரில் பிறந்தார். அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த அந்நகர் இன்று உக்ரைனின் லிவிவ். கலீசிய மண்ணின் உழவர்களையும் யூதர்களையும் பரிவோடு எழுதியவர் அவர். 1870இல் வெளியான ‘மென்மயிராடையில் வீனஸ்’ என்னும் அவருடைய கதையில், நாயகன் தான் விரும்பிய பெண்ணுக்கு அடிமையாய் வாழ ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுகின்றான்.

ஆஸ்திரிய உளமருத்துவர் ரிச்சர்ட் ஃபொன் கிராஃப்ட்-எபிங், ‘சைக்கோபதியா செக்ஸுவாலிஸ்’ என்னும் நூலை 1886இல் வெளியிட்டார். அடிபணிதலிலும் வலியிலும் இன்பம் காணும் விழைவுக்கு 1890இல் ‘மாசோகிசம்’ எனப் பெயர் சூட்டினார். சாடிசத்துக்குப் பெயர் தந்த சாத் 1814இலேயே மறைந்தவர். மாசோக்கோ உயிரோடிருந்தார். 1895இல் மறையும்வரை, தம் குடும்பப் பெயரே நோய்ப் பெயராகிவிட்ட உலகில் வாழ்ந்தார்.

கிராஃப்ட்-எபிங்கின் அளவுகோல், இனப்பெருக்கம் என்னும் இயற்கை நோக்கத்துக்கு இசையாத விழைவு பிறழ்வு என்பதே. அதனால் ஒருபாற்காதலும், காலணி போன்ற பொருள்கள்மீது கொள்ளும் விழைவும், பிறரைக் கொடுமைப்படுத்தும் வேட்கையும் ஒரே நூலுக்குள் அடைபட்டன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1952இல் வெளியிட்ட முதற் கையேடும் ‘பாலியல் பிறழ்வு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இவ்வாறே தொகுத்தது. ஒருபாற்காதலை நோய் என்னும் நிலையிலிருந்து அச்சங்கம் 1973இல் விடுவித்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 1990இல் தன் பட்டியலினின்று நீக்கியது. காதல் மாறவில்லை, பட்டியல்தான் மாறியது.

1980இல் வெளிவந்த மூன்றாம் கையேடு ‘பிறழ்வு’ என்பதைக் கைவிட்டுப் ‘பாராஃபிலியா’ என்னும் சொல்லை ஏற்றது. ‘பாரா’ என்றால் பக்கத்தே. ‘ஃபிலியா’ என்றால் அன்பு. கிரேக்க வேர்களையுடைய இச்சொல்லில் பழி குறைவு. ஆயினும் பெரிய மாற்றம் 2013இல் வந்த ஐந்தாம் கையேட்டில்தான் நிகழ்ந்தது. வழக்கத்தினின்று வேறுபட்டு, வலிமையோடு நீடிக்கும் விழைவு பாராஃபிலியா. அவ்விழைவு உடையவர்க்கே துயரையோ வாழ்க்கைத் தடையையோ தந்தாலும், பிறர்க்குத் தீங்கு விளைத்தாலும், தீங்கு நேரும் ஆபத்தை உண்டாக்கினாலும் மட்டுமே அது கோளாறு. அரியது என்பதாலேயே ஒன்று நோயாகிவிடாது.

2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடு, இணங்காதவர்மீதும் இணங்க இயலாதவர்மீதும் செல்லும் விழைவுகளையே தனிப்பெயரிட்டுக் காட்டுகின்றது. பிறரை மறைந்து நோக்குதல், உடலைத் திறந்து காட்டுதல், நெரிசலில் உரசுதல், வற்புறுத்திச் செய்யும் கொடுமை, குழந்தைகள்மீது கொள்ளும் வேட்கை ஆகியவை அவை. குழந்தையால் இணக்கம் அளிக்கவே இயலாது; அங்கே அளவுகோல் சிறிதும் தளரவில்லை. நோய்ப்பெயர் குற்றத்துக்கு மன்னிப்பும் ஆகாது.

மாசோக்கின் பெயர் அவ்வுலகப் பட்டியலினின்று நீங்கிவிட்டது. அமெரிக்கக் கையேட்டில், துயரோ தடையோ தரும்போது மட்டும் இடப்படும் கோளாற்றின் பெயராக இன்னும் நிற்கின்றது. அவர் கதைநாயகன் எழுதிய ஒப்பந்தம் ஓர் இணக்கமே. இணக்கம் உண்டா என்ற அவ்வினாவை வகைப்பாட்டின் நடுவில் வைக்க மருத்துவத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழில் இவை அனைத்துக்கும் ‘வக்கிரம்’ என்ற ஒரே சொல் வழங்குகின்றது. யாரையும் வருத்தாத தனி விழைவும் குழந்தையைச் சிதைக்கும் கொடுமையும் அச்சொல்லில் ஒன்றாகிவிடுகின்றன. முன்னதற்கு அது மிகையான பழி. பின்னதற்கு மிகக் குறைந்த பழி. விழைவு வேறு, கோளாறு வேறு, குற்றம் வேறு. இம்மூன்றையும் பிரித்துச் சொல்லும் சொற்கள் தமிழுக்கு வேண்டும். அவற்றை ஆக்கித் தருவது சொல்லாளும் கவிஞர்தம் கடமை.