மதிப்பெண் வராத நாட்கள்



திருப்பத்தூரிலிருந்து சிவகங்கைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவில் திருக்கோஷ்டியூர் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலின் அஷ்டாங்க விமானம் ஊருக்கு வெளியே வரும்போதே கண்ணில் படும். வைணவ மரபில் இந்தச் சிற்றூருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. திருவரங்கத்தில் இருந்த இராமானுசர், திருக்கோஷ்டியூர் நம்பி என்னும் ஆசிரியரிடம் திருமந்திரத்தின் பொருளைக் கேட்க இவ்வூருக்கு நடந்து வந்தார். நம்பி அவரைத் திருப்பி அனுப்பினார். மீண்டும் வந்தார், மீண்டும் திரும்பினார். இவ்வாறு பதினேழு முறை நிகழ்ந்தது என்றும், பதினெட்டாம் முறையே பொருள் கிடைத்தது என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

சமயச் சொற்பொழிவு ஆற்றுவதற்கு நான் இன்று வரவில்லை. தேர்வை எழுதி முடித்துவிட்டு, மதிப்பெண் வராமலும், தவறாக வந்தும், வந்தது தொலைந்தும் தவிக்கின்ற மாணவர்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். அவ்வாறு தவித்தவர்களில் நானும் ஒருவன். பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பியவரின் ஊர்க்காரன் என்பதால், காத்திருப்பதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

1970-ஆம் ஆண்டு நான் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு எழுதினேன். அந்நாளில் தேர்வு முடிவுகள் செய்தித்தாளில் வெளிவரும். வெற்றி பெற்றவர்களின் எண்களை மட்டும் பொடி எழுத்தில் வரிசை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். நண்பகல் பேருந்தில் செய்தித்தாள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. தேநீர்க் கடையில் பத்துப் பேர் தலையை நுழைத்துப் பார்த்தோம். எனக்கு முன்னிருந்தவன் எண் இருந்தது. பின்னிருந்தவன் எண்ணும் இருந்தது. என் எண் இல்லை. நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக நழுவிச் சென்றார்கள். ஆறுதல் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டிற்குச் சென்று மூலையில் உட்கார்ந்தேன். என் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "ஏண்டா ராசா, பேப்பர்லே நம்பரு இல்லேன்னா, நீ எழுதினது அழிஞ்சா போச்சு?" அந்த நேரத்தில் அது பாமரக் கேள்வியாகத் தோன்றியது. மறுநாள் தலைமையாசிரியரிடம் சென்ற பிறகே அதன் பொருள் விளங்கிற்று. ஒரு பாடத்தின் மதிப்பெண் உரிய இடத்திற்கு வந்து சேராமையால் என் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் தோல்வியுறவில்லை, என்னைப் பற்றிய செய்தி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவே.

தலைமையாசிரியர் அன்றே இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று, மதிப்பெண்ணை விரைந்து அனுப்புமாறு அலுவலகத்திற்கு. மற்றொன்று, நான் சேர விரும்பிய கல்லூரியின் முதல்வருக்கு. 'இந்த மாணவனின் முடிவு வரத் தாமதமாகிறது. தாமதம் அவனால் நேர்ந்ததன்று. விண்ணப்பத்தை ஏற்று வைத்திருக்க வேண்டுகிறேன்' என்பது அதன் சாரம். இருபத்தாறு நாட்கள் கழித்து மதிப்பெண் வந்தது. அதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துவிட்டது. ஆயினும் அந்த இரண்டாவது கடிதத்தின் பயனாகப் புகுமுக வகுப்பில் எனக்கு இடம் கிடைத்தது. அந்த இருபத்தாறு நாட்களும் நான் வெறுமனே அழுதுகொண்டிருந்தேன். எனக்காக வேலை செய்தவை அந்தக் கடிதங்கள்தாம்.

இளைஞர்களே, ஒரு விடைத்தாள் செய்யும் பயணத்தை எண்ணிப் பாருங்கள். தேர்வறையில் கட்டப்படுகிறது, காப்பு மையத்திற்குச் செல்கிறது, எழுதியவர் யாரென்று தெரியாதபடி மறைக்கப்படுகிறது, திருத்தும் முகாமை அடைகிறது, ஒருவர் திருத்துகிறார், ஒருவர் கூட்டுகிறார், ஒருவர் சரிபார்க்கிறார், ஒருவர் பதிவு செய்கிறார். இத்தனை கைகளையும் கருவிகளையும் கடந்துதான் ஓர் எண் உங்களிடம் வருகிறது. பெரும்பாலும் அது சரியாகவே வருகிறது. ஆனால் இலட்சக்கணக்கான தாள்கள் நடக்கும் பாதையில் சில கால்கள் இடறுவதும் உண்டு.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்காக 'சாட்' என்றொரு தேர்வு நடைபெறுகிறது. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை எழுதியவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, அவர்கள் பெற்றதைவிடக் குறைவான மதிப்பெண் அறிவிக்கப்பட்டது. காரணம் என்ன? விடைத்தாள்கள் ஈரக்காற்றை உறிஞ்சிச் சற்றே விரிந்துவிட்டன. அதனால் இயந்திரம் விடைக் குறிகளைச் சரியாகப் படிக்கவில்லை. மாணவர் சிலர் தம் தாளைக் கையால் திருத்திப் பார்க்குமாறு கேட்ட பின்னரே பிழை வெளிப்பட்டது. அது உலகிற்கு அறிவிக்கப்பட்டபோது 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆகிவிட்டது. செல்வமும் இயந்திரமும் நிறைந்த நாட்டில், சிறிதளவு ஈரம் நாலாயிரம் பேரின் மதிப்பை மாற்றிக் காட்டியது!

கடலுக்கு அப்பால் இலங்கைக்கு வருவோம். அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே அடிப்படை. ஒரு மாணவர் தம்முடன் எழுதியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கிறார் என்பதைக் காட்டும் கணக்கு அது. 2011-இல் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் இருந்தனர். இரு சாராரையும் ஒரே தொகுதியாக வைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். வெவ்வேறு வினாத்தாள் எழுதியவர்களை ஒரே தராசில் நிறுத்தலாமா? மாணவர்கள் உச்சநீதிமன்றத்தை நாடினார்கள். 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் அக்கணக்கைத் தள்ளியது. இரு சாராருக்கும் தனித்தனியே புதிதாகக் கணக்கிடப்பட்டது. சேர்க்கை தாமதமாயிற்று. ஆனால் தவறான எண்ணே நிலைத்த எண்ணாகிவிடவில்லை.

இனிச் சொல்லப் போவது துயரமான செய்தி. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று தெலங்கானா மாநிலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு நிகரான இண்டர்மீடியட் தேர்வின் முடிவுகள் வெளியாயின. அவற்றில் குளறுபடிகள் இருந்தன. தெலுங்குப் பாடத்தில் பூஜ்யம் பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாணவி ஒருவர், உண்மையில் பெற்றிருந்தது 99. தோல்வியுற்றோர் அனைவரின் தாள்களையும் கட்டணமின்றி மீண்டும் சரிபார்க்க அரசு ஆணையிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெற்றி பெற்றவர்களாக அறிவிக்கப்பட்டனர். ஆனால் அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் மாய்ந்துவிட்டன. அவர்களில் யார் உண்மையில் தோற்றார், யார் தோற்கவில்லை என்று நான் ஆராயப் போவதில்லை. அந்த ஆராய்ச்சியே வேண்டாதது. தாளைத் திரும்பப் பார்க்கலாம், எண்ணைத் திருத்தலாம், தேர்வை மறுபடி எழுதலாம்; போன உயிரைத் திருத்தி எழுத எந்த அலுவலகத்தாலும் இயலாது.

ஆதலால் முதற்கண் ஒன்றை உறுதியாகப் பற்றிக்கொள்ளுங்கள். மதிப்பெண் என்பது, ஒரு நாளில் மூன்று மணி நேரம் நீங்கள் எழுதிய ஒரு தாளைப் பற்றிய செய்தி. உங்களைப் பற்றிய தீர்ப்பன்று. செய்தி தாமதமானால் தீர்ப்பு வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். மனம் மிகவும் கலங்கினால் வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல யாரும் இல்லையெனத் தோன்றினால் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். உதவி கேட்பது கோழைத்தனம் என்று எண்ணுகிறவர்கள் இராமானுசரை நினைத்துக்கொள்ளட்டும். ஒரே வாயிலில் பதினெட்டு முறை நின்று கேட்டவர் அவர்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். நம்பி இராமானுசரைக் காக்க வைத்தது, மாணவரின் உறுதியை அறிவதற்காக. ஆசிரியர் வைக்கும் காத்திருப்பில் ஒரு பயன் உண்டு. அலுவலகம் காக்க வைப்பதில் அத்தகைய பயன் ஏதும் இல்லை. அது வெறும் தாமதம். எனவே ஒன்றைப் பணிவோடு பொறுத்துக்கொள்வதுபோல் மற்றொன்றையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பணிவோடு கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

கேட்பதற்கு வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் மேல்நிலைத் தேர்வு எழுதியவர், தம் விடைத்தாளின் நகலைப் பெறலாம். கூட்டலில் ஐயமிருந்தால் மறுகூட்டலுக்கும், திருத்தியதில் ஐயமிருந்தால் மறுமதிப்பீட்டிற்கும் விண்ணப்பிக்கலாம். திருத்திய விடைத்தாளை எழுதியவர் பார்ப்பது அவர் உரிமை என்று இந்திய உச்சநீதிமன்றமே 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டிற்கும் விண்ணப்பிக்கத் தரப்படும் நாட்கள் சிலவே. அழுது தீர்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தால் கெடு தீர்ந்துவிடும். நுழைவுச் சீட்டு, கட்டணச் சீட்டு, அனுப்பிய மனுவின் படி ஆகிய மூன்றையும் ஓர் உறையிலிட்டுப் பத்திரமாக வையுங்கள். மனுவில் உங்கள் துயரத்தை விரித்து எழுத வேண்டாம். தேர்வு எண், பாடம், நாள், வேண்டுவது இன்னது என்று நான்கு வரிகள் போதும். மேற்படிப்புக்கு விண்ணப்பித்த இடத்திற்கும் உடனே எழுதித் தெரிவியுங்கள். இதுவே என் தலைமையாசிரியர் எனக்குக் கற்பித்த 'இரண்டாவது கடிதம்'.

வந்த சான்றிதழ் தொலைந்துபோனாலும் மனம் இடிய வேண்டாம். காவல் நிலையத்தில் முறையிட்டு, வருவாய்த் துறையினரின் சான்று பெற்று, படித்த பள்ளியின் வழியாக இரண்டாம்படிக்கு விண்ணப்பிப்பது நெடுங்கால வழக்கம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலும் கடலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது, எத்தனையோ குடும்பங்களின் மதிப்பெண் பட்டியல்கள் நீரோடு போயின. அரசு தனி முகாம்கள் அமைத்துக் கட்டணமின்றி அவற்றின் படிகளை வழங்கியது. வெள்ளம் கொண்டுபோனது காகிதத்தைத்தான். ஏட்டில் பதிவு நின்றது. என் அப்பத்தா கேட்ட கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை வேறில்லை.

தேர்வே நடவாமற் போன காலமும் உண்டு. பெருந்தொற்றின் காரணமாக 2021-இல் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 விழுக்காடும், பதினோராம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடும் கொண்டு ஜூலை 19 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. பெரிய நாள் வராதபோது, முன்பு நாள்தோறும் செய்த சிறிய வேலைகளே மாணவருக்குச் சாட்சி சொல்ல வந்தன.

காத்திருக்கும் நாட்களையும் அவ்வாறே சிறிய வேலைகளால் நிரப்புங்கள். அடுத்த வகுப்பின் பாடத்தைப் பெற்று முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். நூலகத்திற்குச் செல்லுங்கள். தெருவில் உள்ள சிறுவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். முடிவு எதுவாயினும் இவை வீணாகா. இராமானுசர் திரும்பி நடந்த வழி முழுவதும் அவர் கற்றதை யாரும் பறித்துக்கொள்ளவில்லை அல்லவா? ஒருகால் முடிவு பாதகமாகவே வந்தால், அந்நாளில் எங்களைப்போல் மாதக்கணக்கில் காத்திருந்து ஓராண்டை இழக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம்.

இறுதியாக ஒன்று. பதினெட்டாம் முறை பொருளைப் பெற்ற இராமானுசர் என்ன செய்தார்? யாருக்கும் சொல்லாதே என்று ஆசிரியர் இட்ட கட்டளையையும் மீறி, கோயிலின் மேலேறி நின்று, கேட்க விரும்பிய எல்லோருக்கும் அதனைச் சொன்னார். சினந்து வந்த நம்பியே பின்பு அவர் உள்ளத்தின் பெருமையை உணர்ந்து தழுவிக்கொண்டார் என்பது வரலாறு.

மாணவ மணிகளே, உங்களுள் ஒருவர் மறுமதிப்பீடு கேட்டுப் பயன் பெற்றால், தொலைந்த சான்றிதழை மீட்டால், நல்ல மனு எழுதக் கற்றால், அந்த வழியை மறைத்து வைக்காதீர்கள். வகுப்பில் கடைசி வரிசையில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் வீட்டில் மனு எழுதத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். தேநீர்க் கடையில் தன் எண்ணைக் காணாமல் அவன் திகைத்து நிற்கும்போது, என் நண்பர்களைப்போல் நீங்கள் நழுவிச் சென்றுவிடாதீர்கள். அருகில் சென்று அவன் தோளில் கை வைத்து, 'வா, கேட்டுப் பார்ப்போம்' என்று சொல்லுங்கள்.