பதிவில்லாத சமயப் பள்ளிகள்: எதை, யார் மதிப்பிடுவது?

கல்விக்கென்றே நிறுவப்பட்ட அறக்கட்டளையின் மேடை இது. பலர் பேசத் தயங்கும் ஒரு பொருளை இங்கே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

2017 ஏப்ரலில் நம் ஜொகூரில், கோத்தா திங்கியில், குர்ஆனை மனனம் செய்விக்கும் ஒரு தஹ்ஃபிஸ் பள்ளியில் தங்கிப் படித்த 11 வயதுச் சிறுவன் இறந்துபோனான். கால்கள் இரண்டையும் அகற்றிய பிறகும் மருத்துவர்களால் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் 14 விடியற்காலையில், கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் தாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா பள்ளியின் மேல்மாடி தீப்பற்றியது. 23 பேர் மாண்டார்கள். அவர்களில் 21 பேர் மாணவர்கள். சன்னல்களில் இரும்புக் கம்பி, வெளியேறும் வழி அடைப்பு. அந்தக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் ஒப்புதல் இல்லை என்பது பிறகு வெளியே வந்தது. தீ வைத்தவர் யார் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. பிள்ளைகள் தூங்கும் மாடியில் தப்பிக்க இன்னொரு வழி இருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டியவர் யார்?

அன்றைக்கு எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: "பதிவில்லாத பள்ளி." அந்தச் சொல் கோபத்துக்கு வசதியானது, ஆராய்ச்சிக்குப் போதாது. பதிவு என்றால் யாரிடம் பதிவு? 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், சமயத்தை மட்டுமே கற்பிக்கும் இடத்தைக் "கல்வி நிலையம்" என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. கல்வி கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. இஸ்லாம் மாநிலப் பட்டியலில். ஆகவே பாடத்தைப் பார்ப்பது ஜொகூர் இஸ்லாமிய சமயத் துறை, மாடிப்படியைப் பார்ப்பது தீயணைப்புத் துறை, கட்டட வரைபடத்தைப் பார்ப்பது ஊராட்சி மன்றம். இவர்கள் எல்லாரும் ஒரே வாசலில் சேர்ந்து நிற்பது அபூர்வம். பெற்றோர் பார்ப்பதோ வாசலில் தொங்கும் ஒரு பெயர்ப்பலகையைத்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயப் பள்ளியின் புலமைக்குச் சான்று தரும் மரபு வேறு. அங்கே தங்கும் குழந்தையின் உயிருக்கும் எதிர்காலத்துக்கும் பொறுப்பேற்கும் ஏற்பாடு வேறு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அங்கேதான் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம்.

முதலாவது மரபை நான் மதிக்கிறேன். தஹ்ஃபிஸ் வகுப்பு ஒன்றில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சிறுவன் ஆசிரியருக்கு எதிரே மண்டியிட்டு அமர்ந்து, நூலை மூடிவிட்டு, புதிதாக மனனம் செய்த பகுதியை ஒப்பிக்கிறான். அதற்கு 'சபக்' என்று பெயர். பிறகு அண்மையில் படித்தது, அதன்பின் பழைய பாகங்கள். ஓர் உயிர்க்குறி நீளம் தவறினாலும் ஆசிரியர் நிறுத்திவிடுவார், திரும்ப முதலிலிருந்து. இப்படியே 114 அத்தியாயங்களும். முடித்தவருக்கு, தன் ஆசிரியர் யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார் என்று மேலே மேலே போகும் தொடர் ஒன்றும் கைக்கு வரும். அரசு முத்திரை வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் படித்தவரைத் தமிழ் முஸ்லிம்கள் "பாக்கவி" என்று மரியாதையோடு அழைத்தார்கள். தருமபுரத்தில் பயின்ற ஓதுவாரிடம் எந்தப் பல்கலைக்கழகம் என்று யாரும் கேட்டதில்லை. அவர் பண்ணோடு பாடிய பாட்டே சான்று. கிறிஸ்தவ உலகில் வேறு வழி: செராம்பூர் கல்லூரி 1827இல் டென்மார்க் மன்னரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது, தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகளுக்கு அந்தப் பட்டம் இன்றும் பயன்படுகிறது. அங்கீகாரமில்லாத சமயப் பள்ளி என்றாலே போலி என்று முடிவு கட்டுவது அறிவின்மை.

ஆனால் குருபரம்பரை எவ்வளவு தூயதானாலும் சன்னல் கம்பியை அகற்றித் தராது. 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீசார் நடத்திய சோதனையில் 402 பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள். குளோபல் இக்வான் நிறுவனத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட அந்த இல்லங்களின் முகப்பில் சமயமும் தர்மமும்தான் தெரிந்தன. வெளியார் உள்ளே வந்து பார்க்க வழியில்லாத இடத்தில் பக்தி எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

இன்னொரு விஷயம் பேசப்படுவதே இல்லை. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அப்படியிருந்தும் முழுநேரச் சமயப் பள்ளிக்குப் போய், கணக்கும் மலாயும் ஒழுங்காகப் படிக்காமல், 17 வயதில் எஸ்பிஎம் சான்றிதழ் இல்லாமல் வெளியே வரும் பையன்களைப் பார்க்கிறோம். மனனம் அவனிடம் இருக்கும். வேலைக்கு மனுப் போடும் தாளில் அதை எழுத இடமிருக்காது. அவனுக்கு இழைக்கப்பட்டது அநீதி. அதை அவன் ஆசிரியர் அன்போடு இழைத்திருக்கலாம், அதனால் அது சிறிதாகிவிடாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை எளியவைதான். இரவில் தங்கும் அறைக்கு எத்தனை வாசல், சாவி யாரிடம்? விடுதி வார்டன் யார், அவரைப் பற்றிப் போலீசில் விசாரித்தார்களா? அறிவிக்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தால் பிள்ளையைப் பார்க்கலாமா? நாளைக்கே அவனை அழைத்துப்போனால் எந்தப் பள்ளியில் எந்த ஆண்டில் சேர்ப்பார்கள்? இவற்றுக்கு முகம் சுளிக்கும் நிர்வாகம் எந்த மதத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் விலகிப்போங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பூட்டு மாட்டுவது சுலபம். பூட்டினால் அந்தப் பிள்ளைகள் அடுத்த தாமானில் வாடகை வீட்டு மாடிக்குப் போவார்கள். கம்பி அகற்றவும் இரண்டாவது படிக்கட்டு கட்டவும் கையில் காசில்லாத சிறு பள்ளிகளுக்குப் பணமும் அவகாசமும் கொடுத்துப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும்.

இது முஸ்லிம்களின் விவகாரம் என்று இங்கே யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். கல்விச் சட்டத்தின் அந்த விலக்கு எந்தச் சமயத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் மூவாரிலும் கோயில் மண்டபங்களில் ஞாயிறுதோறும் நடக்கும் நம் தேவார வகுப்புகளும் அதற்குள்தான் வருகின்றன. அங்கே யார் கற்பிக்கிறார், அவரை யார் விசாரித்தார், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உங்கள் கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.