உறுதியில் எழுதாத சொல்

அளவெட்டியின் செம்மண் தோட்டங்களைக் கடந்து செல்வோர், வேலிகளுக்கப்பால் பழைய கல்வீடுகள் பலவற்றைக் காண்பர். அவற்றுட் சிலவற்றில் இன்று முதிய தம்பதியர் இருவர் மாத்திரமே வாழ்கின்றனர். மகள் கனடாவில், மகன் இலண்டனில். வீடோ மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டுவிட்டது.

எதிர்காலத்தைக் குறித்துப் பெற்றோரும் பிள்ளைகளும் பேசிக்கொள்ளுதல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. கலியாணப் பேச்சு எழும்போதே காணி எத்தனை பரப்பு, கிணற்றில் எத்தனை பங்கு, வழிவாய்க்கால் யாருக்கு என்பனவெல்லாம் ஒரு குழியும் பிசகாது பேசப்பட்டு, நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக முடிகின்றன. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக் தொகுத்த தேசவழமையில், பெற்றோர் உயிரோடிருக்குங்காறும் ஆண்மக்கள் சொத்தில் எதனையும் கோரலாகாது என்றிருந்தது. மணமாகுமுன் அவர்கள் உழைத்ததும் குடும்பத்தின் பொதுச் சொத்தையே சேரவேண்டும். பிற்காலச் சட்டங்கள் இவ்வழமையைப் பலவாறு மாற்றின. எனினும், அந்நாளில் முதுமைக்கு இஃதொரு காப்பாயிருந்தது என்பதில் ஐயமில்லை. அதனினும் பெரிய காப்பு, பிள்ளைகள் கூப்பிடு தொலைவில் இருந்தமையே.

இன்று உறுதி இருக்கிறது. கூப்பிடு தொலைவு இல்லை. நள்ளிரவில் நெஞ்சு நொந்தால் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்பவர் யார்? இருவரில் ஒருவர் முந்திவிட்டால் மற்றவர் எங்கே இருப்பது? இவற்றை எந்த உறுதியும் கூறுவதில்லை.

தொலைபேசியில் மகள், "அம்மா, இஞ்ச வந்து எங்களோட இருங்கோவன்" என்கிறாள். "அந்தக் குளிருக்குள்ள நான் என்ன செய்யிறது பிள்ளை? பிறகு பாப்பம்" என்கிறாள் தாய். பேச்சு அவ்வளவில் நின்றுவிடுகிறது. தாய் பிடிவாதக்காரி என மகள் எண்ணுகிறாள். ஆயின் 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் உறுதிப் பையையும் உடுபுடைவைகளையும் சுமந்துகொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தனரல்லவா? அவ்வாறு ஒருமுறை வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவர்க்கு, மீண்டும் பூட்டுதல் எளிய காரியமன்று. தந்தையின் மௌனத்துக்குக் காரணம் வேறு. பிள்ளைகளிடம் கேட்டுப் பெறுவதை அவர் இழிவாகக் கருதுகிறார்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் இவ்வீட்டில் யாரும் யாரையும் கைவிடவில்லை; பணம் மாதந்தோறும் வருகிறது. ஆகவே சட்டத்துக்கு இங்கு வேலை குறைவு. இன்னும் உறுதி எழுதாதோர், சீவிய உரித்தைத் தமக்கே ஒதுக்கி எழுதுவித்தல் நன்று. கொடுத்துவிட்ட நன்கொடையை நீதிமன்றம் ஏறாமல் மீட்பது அரிது.

கும்பிழாவளைப் பிள்ளையார் கோவில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வரும்போது இரண்டு கிழமை வீடு நிறைந்திருக்கும். விருந்தும் உறவினர் வருகையுமாக நாட்கள் கழிந்து, பயணப் பெட்டி கட்டும் இரவில் இப்பேச்சைத் தொடங்குவோர் பலர். வந்த மூன்றாம் நாள், தகப்பன் கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் கட்டும் வேளையில், மகன் அருகே போய் நின்று, "ஐயா, உங்கட விருப்பம் என்ன?" என்று கேட்கலாம். விடை உடனே வராது. வாய்க்காலை இன்னும் இரண்டு பாத்திக்குத் திருப்பும்வரை அவன் அங்கேயே நிற்கவேண்டும்.