பாவனை



பாவனை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். விழித்திருப்பவன் உறங்குவான்போலக் கிடந்தால், 'பாவனை செய்கிறான்' என்கின்றோம். சிறுமியர் மணலைச் சோறாக்கிப் படைப்பதும் பாவனையே. இங்ஙனம் இச்சொல், போலி என்னும் அளவில் நம் வாயில் தேய்ந்து நிற்கின்றது. யாழ்ப்பாணத்து அன்பர்களோ ஒரு பொருளைப் பயன்படுத்துதலையே பாவனை என்பர்; 'பாவனைக்கு உதவாத பாத்திரம்' என்று அவர்கள் கூறினால் நம்மவர் சற்றே விழிப்பர்!

இது வடசொல். ஆதல் என்னும் பொருளுடைய 'பூ' என்ற வினையடியிற் பிறந்தது. ஆகவே பாவனையாவது ஆகச் செய்தல். பொய் என்னும் குறிப்பு அவ்வேரில் இல்லை.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் ஒன்பதாஞ் சூத்திரத்தில் கருட தியானத்தை உவமை காட்டுகின்றார். விடந்தீர்க்கும் மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவிக்க, விடம் ஒழியும். அதுபோலச் 'சோகம்' எனப் பாவிப்பார்க்கு மலம் அகலும் என்பது அது. (பாம்பு தீண்டினால் இன்று மருத்துவமனைக்கே விரைதல் வேண்டும், உவமையை உவமையளவிற் கொள்க.) மாந்திரிகனுக்குச் சிறகு முளைப்பதில்லை. அவன் கருடனும் ஆவதில்லை. ஆயினும் கருடனுக்குரிய ஆற்றல் அவன்பால் விளங்குகின்றது. ஆன்மாவும் அவ்வாறே: சிவமாகப் பாவித்தும் அது சிவம் என்னும் பொருளாகிவிடுவதில்லை, சார்ந்ததன் வண்ணமாய் நிற்கின்றது. ஒருமையுரைப்பாரினின்று நாம் வேறுபடும் இடம் இதுவே.

அங்ஙனமாயின் ஒரு வினா நம் நெஞ்சை உறுத்தும். மனம் கடைத்தெருவில் திரியக் கைமட்டும் நீறு பூசுகின்றதே, அது பாவனையா, போலியா?

முத்தநாதன் பூசியது போலி, அதில் ஐயமில்லை. நீறணிந்து, புத்தகக் கவளிகையுள் படை மறைத்துத் திருக்கோவலூர் அரண்மனை புகுந்தான். குத்துண்ட மெய்ப்பொருளாரோ அந்நிலையிலும் அவ்வேடத்தை வணங்கினார். அவனுக்கு ஊறு நேராதபடி ஊர்க்கு வெளியே கொண்டுபோய் விடுமாறு தத்தனை ஏவினார். அவன் நெஞ்சம் பொய்த்தது, திருநீறு பொய்க்கவில்லை.

வஞ்சகமே இல்லாத ஒரு போலியும் பெரியபுராணத்தில் உண்டு. சேரமான் பெருமாள் யானைமேல் நகர்வலம் வருகையில், உவர்மண் சுமந்து வந்த வண்ணான் ஒருவன் எதிர்ப்பட்டான். மழையில் மண் கரைந்து வழிந்து உலர்ந்தமையால் அவன் மேனி வெளுத்திருந்தது. நீறு பூசும் எண்ணமே அவனுக்கு இல்லை. மன்னரோ யானையினின்று இறங்கித் தொழுதார். அஞ்சிய அவன், தான் அடிமை வண்ணான் என்று விண்ணப்பித்தான். தாமோ அடிச்சேரன் என்று கூறி, திருநீற்று வேடத்தை நினைப்பித்த அவனை வருந்தாது செல்லுமாறு விடைகொடுத்தனுப்பினார் சேரமான்.