திக்கும் மடிக்கணினி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த எங்கள் வீட்டில் பத்தாண்டு கண்ட மடிக்கணினி ஒன்று உண்டு. விளையாடத் தொடங்கிக் கால் மணி ஆனதும் காட்சி திக்கித் திக்கி நிற்கும். மகன் இணையத்தைப் பழித்தான், புதியது வேண்டுமென்றான். அதன் விலையோ என் இரண்டு மாத ஊதியம்!

இணையத்தைத் துண்டித்துவிட்டு, அது வேண்டாத விளையாட்டொன்றை ஆடச் சொன்னேன். அப்போதும் திக்கிற்று. செயலியின் வெப்பம் 100 பாகை செல்சியசை நெருங்கினால், தான் கெடாதிருக்கும் பொருட்டு அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடிமூடியைத் திறந்தோம். விசிறியின் காற்று வெளியேறும் தகடுகளிடையே தூசி கம்பளமாய்ப் படிந்திருந்தது. உருக்காலைகள் உள்ள ஊரில் அதில் இரும்பும் கலந்திருக்கக்கூடும். இரும்போ மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே மின்கலத்தின் இணைப்பைப் பிரித்த பின்னரே தூரிகையைத் தொட்டோம். செயலிமீது காய்ந்து கிடந்த வெப்பப் பசையையும் மாற்றினோம்.

இப்போது ஒரு மணி நேரம் தடையின்றி ஓடுகிறது. சித்திரை வெயிலில் மட்டும் சற்றே திணறும், அந்நாளில் நானும்தான்.